திருடுபோன சைக்கிள் ஏன் வீடு திரும்புவதில்லை?

2008 ஜூலையில் கனடாவின் டொரன்டோ நகரப் போலீசார் இகோர் கெங்க் என்ற பழைய சைக்கிள் கடைக்காரரைக் கைது செய்தார்கள். தாங்களே சைக்கிள்களைத் தூண்டிலாகப் பூட்டி நிறுத்தி, மறைந்திருந்து பார்த்துப் பிடித்த வழக்கு அது. பிறகு அவருடைய கடையையும் அவர் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்குகளையும் திறந்தபோது, உள்ளே ஏறத்தாழ மூவாயிரம் சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. அவற்றையெல்லாம் ஒரு பெரிய இடத்தில் பரப்பிவைத்து, சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள் வந்து அடையாளம் காட்டலாம் என்று போலீசார் அறிவித்தார்கள். மக்கள் திரண்டு வந்தார்கள். ஆனாலும் பெரும்பாலான சைக்கிள்கள் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேரவில்லை.

பொருளைப் பறிகொடுத்தவர் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று ஏங்குவாரோ அத்தனையும் அங்கே நடந்திருந்தது. ஆள் பிடிபட்டார், பொருள் கிடைத்தது, காவல்துறை வலிய அழைத்தது. அப்படியும் கைக்கு வராமல் போனதற்கு முக்கியமான காரணம், "இது என்னுடையது" என்று நிறுவப் பலரிடம் எதுவும் இல்லாததுதான். பிரேமில் பொறித்த எண் என்னவென்று தெரியாது, படம் கிடையாது, ரசீது எங்கேயோ தொலைந்துவிட்டது. பலர் புகாரே கொடுத்திருக்கவில்லை. சைக்கிள் திருட்டு என்றதும் பேச்சு நேராகப் பூட்டுக்குப் போய்விடுகிறது. பூட்டு அவசியம்தான், அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அடையாளமே இல்லாத சைக்கிள் எந்தப் பூட்டையும் தாண்டி விலைபோகும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் திருட்டைக் குறைக்க முடியாது.

திருடர்கள் சில பொருள்களை மட்டும் ஏன் தேடித் தேடி எடுக்கிறார்கள் என்பதற்குக் குற்றவியல் அறிஞர் ரொனால்ட் கிளார்க் 1999இல் ஒரு விளக்கம் தந்தார். எளிதில் மறைக்கலாம், எளிதில் நகர்த்தலாம், கண்ணெதிரே கிடைக்கும், மதிப்புண்டு, பயன்படுத்த விருப்பமாக இருக்கும், சுலபமாக விற்றுவிடலாம் என ஆறு குணங்களை அவர் வரிசைப்படுத்தினார். சைக்கிள் இந்த ஆறுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. தெருவில் போகும் ஆயிரம் சைக்கிள்களுக்கு நடுவில் திருட்டு சைக்கிள் தனித்துத் தெரியாது. தூக்கிச் செல்ல வண்டி வேண்டாம், அதுவே வண்டி. பெரும்பாலான ஊர்களில் நம்பர் பிளேட்டும் கிடையாது, பெயர் மாற்ற எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். கைமாறியவுடன் அது வாங்கியவருடைய சைக்கிளாகிவிடுகிறது.

எடுப்பவர்களும் ஒரே ரகம் அல்ல. பூட்டாமல் நிற்பதை எடுத்துக்கொண்டு தனக்கு வேண்டிய இடம்வரை ஓட்டிப்போய்ப் போட்டுவிடுபவர் ஒரு ரகம். இப்படிப்பட்ட சைக்கிள்கள் சில தெருக்கள் தள்ளிச் சுவரில் சாய்ந்து கிடக்கும். கைச்செலவுக்காக எடுத்து, அன்றைக்கே கிடைத்த விலைக்குத் தள்ளுபவர் இன்னொரு ரகம். கருவிகளோடு வந்து, விலை உயர்ந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, பாகம் பாகமாகக் கழற்றியோ வேறு ஊருக்கு அனுப்பியோ விற்பவர்கள் மூன்றாவது ரகம். முதல் இரண்டு ரகத்தையும் ஒரு நல்ல பூட்டு பெரும்பாலும் தடுத்துவிடும். மூன்றாவது ரகத்துக்கு எதிராகப் பூட்டு மட்டும் போதாது.

பூட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது

எந்தப் பூட்டும் உடைபடும். எவ்வளவு நேரம் தாங்கும், உடைக்க எப்படிப்பட்ட கருவி வேண்டும், எவ்வளவு சத்தம் எழும் என்பவைதான் ஒரு பூட்டை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. மெல்லிய கேபிள் பூட்டைக் கையில் அடங்கும் கட்டர் ஒன்று சில நொடிகளில், ஓசையில்லாமல் நறுக்கிவிடும். சைக்கிளின் ஒரே காவலாக அதை நம்புவது பூட்டாமல் விடுவதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்றே சொல்வேன். முன்சக்கரத்தையோ சீட்டையோ கூடுதலாகக் கோத்து வைக்க அது உதவும், அவ்வளவுதான்.

யூ வடிவப் பூட்டும் கடினமாக்கிய எஃகுச் சங்கிலியும் வேறு வகுப்பு. இங்கே கம்பியின் தடிமன் முக்கியம். 13 மில்லிமீட்டருக்குக் குறைந்த கம்பியைப் பெரிய போல்ட் கட்டர் கடித்துவிடக்கூடும். 16 மில்லிமீட்டர், அதுவும் கடினமாக்கிய எஃகு என்றால், கையால் இயக்கும் கட்டர் திணறும். யூ பூட்டின் இரண்டு கால்களும் குறுக்குத்தண்டில் பூட்டிக்கொள்ளும் வகையா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஒரு கால் மட்டும் பூட்டும் வகையில், ஓரிடத்தில் அறுத்துவிட்டுத் திருப்பியே எடுத்துவிடலாம். இரண்டு கால் பூட்டு என்றால் இரண்டு இடத்தில் அறுக்க வேண்டும், திருடனுக்கு வேலை இரட்டிப்பு.

பூட்டின் அளவு பெரிதாக இருந்தால் வசதி என்று தோன்றும். ஆனால் பூட்டுக்குள் காலியாக இருக்கும் இடம் திருடனுக்கே பயன்படும். அந்த இடைவெளியில் ஜாக்கியையோ கடப்பாறையையோ நுழைத்து நெம்புவார்கள். சைக்கிளும் கம்பமும் அடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய யூ பூட்டு, நெம்ப இடமே கொடுக்காது.

நம் காலத்தில் நிலைமையை மாற்றியிருப்பது பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர். பையில் அடங்கும் அந்தக் கருவி சாதாரண எஃகுப் பூட்டை ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அறுத்துவிடுகிறது. தீப்பொறி பறக்கும், காது கிழியும், ஆனாலும் நகரத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் நின்று கேட்பதில்லை. இதற்கு எதிராக, அறுக்கும் வட்டையே தேய்த்துத் தீர்த்துவிடும் கலவைப் பூச்சுக் கொண்ட பூட்டுகள் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கின்றன; ஹிப்லாக், லைட்லாக் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. விலையும் எடையும் அதிகம். விலை உயர்ந்த மின்சார சைக்கிளை வெளியில் விட வேண்டியவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது. பழைய சைக்கிளுக்குத் தேவையில்லை.

தரத்தை எப்படி அறிவது? நிறுவனங்கள் பெட்டியில் தாங்களே அச்சடித்துக்கொள்ளும் பத்துக்கு ஒன்பது என்கிற எண்களை விட்டுவிடலாம். பிரிட்டனின் சோல்ட் செக்யூர் அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் எனத் தரம் பிரிக்கிறது. நெதர்லாந்தின் ஏஆர்டி அமைப்பு பூட்டுகளுக்குத் தரும் நட்சத்திரங்களும் அப்படியே. வெளியார் சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு 2004 ஒரு சாட்சி. பெயர்பெற்ற கிரிப்டோனைட் நிறுவனத்தின் உருளைச் சாவிப் பூட்டுகளைச் சாதாரண பிளாஸ்டிக் பேனாக் குழலால் திறக்க முடியும் என்பது அந்த ஆண்டு இணையத்தில் பரவியது. நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்று மாற்றித் தர வேண்டியதாயிற்று.

நல்ல பூட்டை வாங்கியும் சைக்கிளை இழப்பவர்கள் நிறையப் பேர், பூட்டும் விதத்தில்தான் இழக்கிறார்கள். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டினால், திருடன் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவான். பின்சக்கரமும் பிரேமும் அசையாத ஒரு பொருளும் ஒரே பூட்டுக்குள் வர வேண்டும். சிறிய யூ பூட்டு வைத்திருப்பவர்களுக்கு, காலஞ்சென்ற அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய முறை ஒன்று உண்டு: பிரேமின் பின்பக்க முக்கோணத்துக்குள் வரும் சக்கரப் பகுதியைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டால், சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே வராது, அதனால் பிரேமும் வராது. பெருஞ்சேதம் செய்யாமல் அதை எடுக்க முடியாது.

எதோடு பூட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தலைக்குமேல் பலகை இல்லாத குட்டைக் கம்பமானால் சைக்கிளையே மேலே தூக்கி உருவிவிடலாம். சில இடங்களில் கம்பத்தின் அடிப் போல்ட்டை முன்கூட்டியே கழற்றிவைத்திருப்பார்கள். சைக்கிள் ஸ்டாண்டின் குழாயை அறுத்து மேலே டேப் சுற்றி வைப்பதும் உண்டு. பூட்டுவதற்கு முன் கம்பத்தைப் பிடித்து ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடும். பூட்டு தரையில் கிடந்தால் சுத்தியலால் அடிக்கத் தரையே பட்டறைக்கல் ஆகிவிடும், ஆகவே உயர்த்திப் பூட்டுங்கள். கையால் திருகிக் கழற்றும் குயிக் ரிலீஸ் அச்சுக்குப் பதிலாகத் தனிச் சாவியால் மட்டும் திறக்கும் அச்சைப் போட்டுவிட்டால், சக்கரமும் சீட்டும் தனியாகப் போவது நிற்கும்.

இதெல்லாம் தெரியாமல் செய்யும் பிழைகள் என்பதால், சொல்லிக்கொடுத்தாலே பலன் உண்டு. சரியாகப் பூட்டும் முறையைக் காட்டும் ஸ்டிக்கர்களைச் சைக்கிள் ஸ்டாண்டுகளில் ஒட்டிப் பார்த்த பிரிட்டன் ஆய்வாளர்கள், அந்த இடங்களில் மக்கள் பூட்டும் விதம் மேம்பட்டதைக் கண்டார்கள். நகராட்சிகளுக்கு இதைவிட மலிவான தடுப்பு வேலை இருக்க முடியாது.

எங்கே நிறுத்துகிறோம்

வீட்டுக்கு வந்துவிட்டால் சைக்கிள் பத்திரம் என்ற எண்ணம் ஆபத்தானது. அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டு அடி, பொதுவான நிறுத்துமிடம், வெளிக் கொட்டகை ஆகிய இடங்களிலிருந்து ஏராளமான சைக்கிள்கள் போகின்றன. இரவு முழுக்க யாரும் வரமாட்டார்கள், சத்தம் வெளியே போகாது, சைக்கிள் தினமும் அங்கேதான் நிற்கும் என்பதும் தெரியும். தெருவில் பூட்டுவதைவிடப் பலமாக வீட்டில் பூட்ட வேண்டும். கனமான சங்கிலியைச் சுமந்து திரிய முடியாது என்பார்கள்; வீட்டிலேயே ஒன்றை நிரந்தரமாக விட்டுவைக்கலாமே.

வெளியில் என்றால் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடம் நல்லது. ஒரே இடத்தில் நாள்தோறும் பல மணி நேரம் நிறுத்துவதைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கண்காணிப்பு என்ற உணர்வுக்கே ஒரு வலு உண்டு என்பதை நியூகாசில் பல்கலைக்கழகத்தில் டேனியல் நெட்டிலும் உடனிருந்தவர்களும் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வளாகத்தில் மூன்று இடங்களில் மட்டும், உற்றுப் பார்க்கும் இரண்டு கண்களின் படத்தோடு "சைக்கிள் திருடர்களே, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பொருளில் பலகை வைத்தார்கள். அங்கே திருட்டு 62 சதவீதம் குறைந்தது. பலகை வைக்காத இடங்களில் 65 சதவீதம் கூடியது. இரண்டாவது எண்ணைத்தான் நகராட்சிகள் கூர்ந்து படிக்க வேண்டும். ஓர் இடத்தில் விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போகும் திருட்டு அது. நாம் நம் சைக்கிளைப் பக்கத்துச் சைக்கிளைவிடக் கடினமாக்கினால் நம்முடையது தப்பும், நகரத்தின் மொத்தக் கணக்கு அப்படியே இருக்கக்கூடும்.

அதனால் நகரம் தன் பங்காக ஆள் பார்த்துக்கொள்ளும் நிறுத்துமிடங்களைக் கட்ட வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 2019இல் முழுமையாகத் திறந்த நிறுத்துமிடத்தில் 12,500 சைக்கிள்களுக்கு மேல் நிற்கும். ஆம்ஸ்டர்டாம் மைய ரயில் நிலையத்தின் எதிரே, நீருக்கு அடியில், 7,000 சைக்கிள்களுக்கான இடம் 2023 ஜனவரியில் திறந்தது. இரண்டிலும் முதல் 24 மணி நேரம் இலவசம். காசில்லாமல் கிடைத்தால்தான் அவசரத்தில் ஓடுபவரும் தெருவோரக் கம்பத்தை விட்டு உள்ளே வருவார்.

பிரேமில் இருக்கும் எண்

ஏறத்தாழ எல்லா சைக்கிளிலும் ஒரு எண் பொறித்திருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால், பெடல் அச்சு ஓடும் குழலின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் தெரியும். சிலவற்றில் ஹேண்டில் குழலிலோ சீட் குழலிலோ பின்சக்கரம் மாட்டும் இடத்திலோ இருக்கும். மண்ணைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். கையால் எழுதும்போது சுழியமும் ஆங்கில ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் குழம்பும், படம் குழம்பாது. வெவ்வேறு நிறுவனங்களின் சைக்கிள்களில் ஒரே எண் வந்துவிடுவதும் உண்டு என்பதால் மாடல், நிறம், கீறல், மாற்றிய பாகம் எல்லாம் தெரியும் படங்களும் வேண்டும். நீங்கள் சைக்கிளோடு நிற்கும் படம் ஒன்று, வாங்கிய ரசீதின் படம் ஒன்று. மின்சார சைக்கிள் என்றால் மோட்டார் எண்ணும் பேட்டரி எண்ணும் தனித்தனி. சாவி எண்ணையும் குறித்துவையுங்கள். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் திருட்டு நடந்த மறுநாள்தான் தெரியும் என்பதால் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

சில நாடுகள் இதைத் தனிமனிதர் பொறுப்பில் விடவில்லை. ஜப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். கடையிலேயே பதிந்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். தெருவில் போலீஸ்காரர் நிறுத்தி எண்ணைச் சரிபார்ப்பது அங்கே அன்றாடக் காட்சி. பிரான்சில் 2021 ஜனவரி முதல் கடையில் விற்கும் ஒவ்வொரு புதிய சைக்கிளுக்கும் அடையாளக் குறி பொறித்து தேசியப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அதே ஆண்டு ஜூலை முதல் கடைகள் விற்கும் பழைய சைக்கிளுக்கும் இது பொருந்துகிறது. நெதர்லாந்தின் வாகனப் பதிவுத் துறை, திருட்டுப் புகார் உள்ள சைக்கிள் எண்களை யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

கட்டாயம் இல்லாத இடங்களில் தன்னார்வப் பதிவேடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. லாப நோக்கற்ற பைக் இன்டெக்ஸில் எந்த ஊரிலிருந்தும் இலவசமாகப் பதியலாம், யார் வேண்டுமானாலும் எண்ணைத் தேடலாம். பிரிட்டன் போலீசார் பைக் ரெஜிஸ்டரைப் பயன்படுத்துகிறார்கள். கனடாவின் வான்கூவரில் 2015இல் காவல்துறையே 529 கராஜ் என்ற பதிவுத் திட்டத்தோடு கைகோத்து, மக்களைப் பெருமளவில் பதிய வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே திருட்டுப் புகார்கள் குறைந்தன. பதிவேடு வைத்திருப்பதால் மட்டும் இது நடக்காது. ரோந்து போகும் காவலர் தன் கையிலுள்ள போனிலேயே எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால்தான் நடக்கும்.

போன பிறகு

சைக்கிள் நின்ற இடம் வெறுமையாக இருந்தால் முதலில் சுற்றியுள்ள தெருக்களை ஒரு நடை பார்த்துவிடுங்கள். தவறான இடத்தில் நின்றதென்று நகராட்சியோ கட்டட நிர்வாகமோ அகற்றியிருக்கலாம், கேளுங்கள். அறுந்த பூட்டு கிடந்தால் படம் எடுங்கள். கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்து மேலே புதியது பதிந்துவிடும். பக்கத்துக் கடையிலோ கட்டடத்திலோ அன்றைக்கே பேசி, பதிவை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

பிறகு புகார். "ஒரு சைக்கிளுக்குப் போய் யார் தேடப் போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்தச் சலிப்பு புரிகிறது, ஆனால் அதன் விலை பெரிது. போலீசார் ஒரு கிடங்கைப் பிடிக்கும்போது பிரேம் எண்ணோடு கூடிய புகார்தான் அங்கே கிடக்கும் நூறில் ஒன்றை உங்கள் சைக்கிள் ஆக்குகிறது. புகார் எண்ணிக்கை குறைவாக இருந்தால், நகரத்தில் இந்தத் திருட்டு ஒரு பிரச்சினையே இல்லை என்று ஆட்களையும் பணத்தையும் வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். பதிவேட்டில் "திருடுபோனது" என்று மாற்றுவதும் அன்றைக்கே செய்ய வேண்டியது. காப்பீடு இருந்தால் புகார் நகல் இல்லாமல் எதுவும் நகராது. காப்பீட்டுப் பணம் வாங்கிய பிறகு சைக்கிள் கிடைத்தால் அது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கே சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேடல் பெரும்பாலும் இணையச் சந்தைகளில் நடக்கும். உங்கள் மாடல் பெயரைவிட, திருடன் எப்படி விவரிப்பான் என்று யோசித்துத் தேடுங்கள்: வெறும் "நீல நிற கியர் சைக்கிள்" என்று இருக்கும், அளவு தெரியாது, பிராண்ட் பெயர் தப்பும் தவறுமாக இருக்கும். பக்கத்து ஊர்களையும் சேர்த்துத் தேடுங்கள். தேடல் அறிவிப்பை வைத்துவிட்டு மாதக்கணக்கில் விட்டுவையுங்கள், சூடு ஆறட்டும் என்று காத்திருந்து விற்பவர்கள் உண்டு. விலை உயர்ந்தவை எல்லையையே தாண்டுகின்றன. கலிபோர்னியாவில் திருடுபோன சைக்கிள்கள் மெக்சிகோவில் சமூக ஊடகப் பக்கங்கள் வழியாக விற்பனைக்கு வந்ததைப் பைக் இன்டெக்ஸ்காரர்கள் படங்களை ஒப்பிட்டுத் தோண்டியெடுத்தார்கள்.

உங்களுடையது கண்ணில் பட்டால் உடனே விற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விளம்பரம் மறைந்துவிடும், சைக்கிளும் மறைந்துவிடும். விளம்பரத்தையும் விற்பவர் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரேம் எண், படங்களோடு புகார் எண்ணைக் குறிப்பிட்டுப் போலீசாரிடம் கொடுங்கள். தனியாகப் போய் மீட்கப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தச் சைக்கிளும் அவ்வளவு பெறுமானம் உள்ளதல்ல.

ஒளித்துவைக்கும் டிராக்கர்கள் இங்கே உதவும், ஒரு வரம்புக்குள். 2021இல் வந்த ஏர்டேக் போன்றவை அருகிலுள்ள போன்கள் வழியாக இடத்தைச் சொல்கின்றன. ஆனால் மனிதரைப் பின்தொடரத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, கூடவே ஒரு டிராக்கர் வருகிறது என்று அந்நியரின் போனுக்கு எச்சரிக்கையும் அனுப்புகின்றன. திருடனுக்கும் அது போகும். தனி ஜிபிஎஸ் கருவியில் அந்தத் தொல்லை இல்லை, சார்ஜ் தீர்ந்தால் செத்துவிடும். இரண்டுமே பல மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் ஒரு புள்ளியைக் காட்டுவதோடு நின்றுவிடலாம். அந்தப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சோதிக்கக் காவல்துறைக்குப் பெரும்பாலும் அதிகாரம் இல்லை. புள்ளியோடு எண்ணும் புகாரும் சேர்ந்தால் கதை வேறு.

இத்தனைக்கும் மறுமுனையில் வாங்குபவர் நிற்கிறார். பாதி விலைக்கு வரும் பழைய சைக்கிளின் பிரேம் எண்ணைப் பார்க்காமல் வாங்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அடுத்த பூட்டை அறுக்கக் கூலி கொடுக்கிறார். பார்ப்பது கடினம் அல்ல. எண் ராவப்பட்டிருக்கிறதா, மேலே பெயின்ட் பூசியிருக்கிறதா? எண் இருந்தால் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். எப்போது வாங்கினீர்கள், கடைசியாக எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று கேளுங்கள், ஓட்டிய ஆள் தயங்காமல் சொல்வார். மின்சார சைக்கிளை சார்ஜரும் பேட்டரிச் சாவியும் இல்லாமல் ஒருவர் விற்றால் விலகிவிடுங்கள். பழைய சைக்கிள் வாங்கி விற்கும் கடைகள், கொண்டுவருபவரின் அடையாள அட்டையையும் பிரேம் எண்ணையும் பதிந்துகொள்ள வேண்டும் என்று நகரங்கள் விதிக்க வேண்டும், அதைத் திடீர்ச் சோதனைகளால் நடைமுறைப்படுத்தவும் வேண்டும். எண் பதிவேட்டில் சிக்கினால் வாங்காமல் விட்டுவிட்டு, விளம்பரத்தின் விவரத்தைப் பதிவேட்டுக்கும் போலீசாருக்கும் தெரிவியுங்கள். பல நாடுகளின் சட்டத்தில், திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது. சொந்தக்காரர் எண்ணோடு வந்து நின்றால் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் கேட்க முடியும்.